ஊறுகாய் ஜாடியும் பாக்குவெட்டியும்

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் பிரஷரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது, தெருவில் யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு ஆஸ்பத்திரியே போகட்டும் என்று அரசாங்கம் ஒருநாள் முடிவெடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கால் கிடையாது. ஆகவே என்னைப் போன்ற பெண்களின் தோளில் ஆளுக்கொரு பையை மாட்டிவிட்டார்கள். பைக்குள் பிரஷர் மெஷின், சர்க்கரை மெஷின், மாத்திரைக் கவர்கள், ஒரு நீள நோட்டு. வீடு வீடாகப் போய் அளக்க வேண்டும். அளவு எகிறினால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் அனுப்ப வேண்டும். அவர் எழுதித் தருகிற மாத்திரையை அதற்குப் பிறகு மாதாமாதம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, மறுபடி அளந்து, நோட்டில் எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள் நான். கடைசி மூன்று வருஷம் தரம் பார்க்கும் மேசை. வருகிற சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், மயிரிழை கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டுக்காரர் வாங்கி வரும் கத்தரிக்காயைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன்.

வேலையை விட்ட கதை மட்டும் சிரிப்புக் கதை இல்லை. லைனில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் என்னைவிட நாலு வயது சின்னவள், கான்ட்ராக்ட் ஆள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டாள். குனிந்து எடுக்கப் போனாள், வலது கை வரவில்லை. அவளுக்கு பிரஷர் இருந்தது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. பர்மனென்ட் ஆட்களுக்கு வருஷா வருஷம் உடம்பு முழுக்கப் பார்ப்பார்கள். அவள் பார்க்க வேண்டுமென்றால் ஒருநாள் லீவு போட வேண்டும், லீவு போட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். இன்றைக்கும் அவள் இடது கையால்தான் சாப்பிடுகிறாள். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் இந்தப் பையை மாட்டிக்கொண்டேன்.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்திருக்க மாட்டார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வீடு தேடிப் போனேன். வீடு இருந்தது, ஆள் இல்லை. விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஒரு கூட்டத்தை ஒரகடத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மதிய பஸ் இன்னொரு கூட்டத்தை அள்ளும். நைட் ஷிஃப்ட் முடித்தவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்குவான். கதவைத் தட்டினால் அவன் பேசுகிற பேச்சில் எனக்குத்தான் பிரஷர் ஏறும். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு எனக்கு லீவு. ஆறு மாதம் கழித்து என் நோட்டைப் புரட்டினால் வரிசையாகப் பெண்கள், நடுநடுவே வயதானவர்கள். எங்கள் ஊர் ஆண்களுக்கு பிரஷர் என்ற ஒன்று வரவே வராது என்று அந்த நோட்டு சத்தியம் செய்தது.

ஒருமுறை விடியற்காலை பஸ் நிறுத்தத்துக்கே போய்ப் பார்த்தேன். ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி, பட்டனை அமுக்கினேன். பட்டை உப்பிக்கொண்டு வரும்போது பஸ் வந்துவிட்டது. அவன் எழுந்து ஓடிய ஓட்டத்தில் ட்யூப் பிடுங்கிக்கொண்டது. பட்டை அவன் கையோடு பஸ் ஏறி ஒரகடம் போனது. சாயங்காலம்தான் திரும்பி வந்தது, அதுவும் ஓ.டி. பார்த்துவிட்டு.

பச்சை கேட் வீட்டு அக்கா என் நோட்டில் மூன்றாவது பெயர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அவள் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு பெரிய குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், கான்ட்ராக்ட். அவரை நான் அதுவரை மூன்று தடவை பார்த்திருப்பேன், மூன்று தடவையும் முதுகைத்தான். அக்காவுக்கு முதல் மாதம் நூற்றி அறுபதுக்கு நூறு. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். இரண்டாவது மாதம் நூற்றி ஐம்பத்தெட்டு. மூன்றாவது மாதம் மறுபடி நூற்றி அறுபது. காலி அட்டையைக் கேட்டால் எடுத்துக் காட்டுவாள், ஒரு குழியில்கூட மாத்திரை பாக்கி இருக்காது.

"ஒயுங்கா போட்டுக்கறியா இல்லியாக்கா?"

"போட்டுக்கறேன்மே. அட்ட காலியா கீது, பாத்தியில்ல?"

டாக்டரம்மா அளவை இரண்டு மடங்காக்கினார். கொஞ்சம் இறங்குகிற மாதிரி போக்குக் காட்டியது, பிறகு ஒரு மாதம் திடீரென்று நூற்றி எழுபத்தாறுக்குப் போய் நின்றது. டாக்டரம்மா சின்னப் பெண், சிரித்த முகம். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு மாசம் பார்ப்போம்க்கா. இறங்கலைன்னா காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், கிட்னி பார்க்கணும். இப்படியே நின்னுட்டிருந்தா ஒருநாள் கை கால் இழுத்துக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த ஸ்க்ரூ டிரைவர் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. நேராகப் பச்சை கேட் வீட்டுக்குப் போனேன். மாத்திரை சரி, அட்டை சரி, அப்படியென்றால் குற்றவாளி உப்புதான் என்று தரம் பார்க்கும் புத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடுக்களைக்குள் நுழைந்து சோதனை போட்டேன். கருவாட்டை வெளியே எறியச் சொன்னேன். அப்பளத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னேன். மேல் பலகையில் ஒரு பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி, நிறைய மாங்காய் ஊறுகாய், மேலே ஒரு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய். அதை அப்படியே தூக்கி என் பைக்குள் வைத்தேன்.

அதுவரை பார்த்துக்கொண்டு நின்றவள், "ஜாடி எங்கம்மா வூட்டு ஜாடிமே. பத்திரம்" என்றாள்.

"பிரஷர் எறங்கட்டும், ஜாடி தானா வரும்" என்றேன். எவ்வளவு பெரிய மனுஷி நான்!

ஜாடியை எங்கள் வீட்டுப் பரண்மேல் வைத்து, இது கேஸில் பிடிபட்ட சாமான், யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் தயிர்ச் சோற்றோடு பரணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டுப் போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார். நியாயமான கேள்வியாகப் பட்டது. கெட்டுப் போகவில்லை. மறுநாளும் பார்த்தோம். மறுநாளும் கெட்டுப் போகவில்லை.

இந்த லட்சணத்தில் வாராவாரம் அக்காவைப் போய்த் திட்டிவிட்டு வந்தேன். என்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அவள் சிரிப்பாள், மெஷினில் பாபின் மாற்றுவாள், டீ வேண்டுமா என்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் எரியும்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குப் போகிற வீட்டுக்கு ஏழு மணிக்கே போனேன். எங்களுக்கெல்லாம் ஏதோ பயிற்சி வகுப்பு இருந்தது, அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். கேட் திறந்திருந்தது. அக்கா பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். உரிமையோடு அடுக்களைக்குள் போனேன், அங்கேதானே என் குற்றவாளிகள் எல்லாம் குடியிருக்கிறார்கள். மேடையில் ஒரு பாக்குவெட்டி கிடந்தது. அதன் வாயில் வெள்ளையாகத் துளி மாவு. பக்கத்தில் ஒரு டம்ளர் மூடி, மூடிமேல் பாதி மாத்திரை. வெட்டுப்பட்ட பக்கம் நேர்கோடாக இருந்தது.

பாக்கு வெள்ளையாக இருக்காது. அதோடு அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. அக்காவின் பல் பச்சரிசி மாதிரி இருக்கும்.

குடத்தோடு உள்ளே வந்தவள் என்னையும் பாக்குவெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

"மாத்தர பெருசா கீதுமே. முயுங்க முடில. ஒடச்சிப் போட்டுக்கறேன்."

"துவரம்பருப்பு சைஸு கீது, அத்த முயுங்க முடிலயா? சரி, இன்னொரு பாதி எங்க?"

குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையை மறுபடி துடைத்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு போட்டுகினு வேலைக்குப் போய்ட்டாரு" என்றாள்.

மெல்ல மெல்லத்தான் வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வண்டி ஓட்டும்போது தலை சுற்றியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஒரு கிளினிக்கில் காட்டினார், பிரஷர் எக்கச்சக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை ரோட்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் ஆட்களுக்கு மெடிக்கல் வைப்பார். அது வியாதியைக் குணமாக்குகிற மெடிக்கல் இல்லை, வியாதிக்காரனைக் கழிக்கிற மெடிக்கல். பிரஷர் என்று தெரிந்தால் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் நான் இந்த வீட்டுக்கு மாத்திரையோடு வந்து சேர்ந்திருக்கிறேன். அக்காவுக்கு தினம் ஒரு மாத்திரை. அதைப் பாக்குவெட்டியில் நறுக்கி, விடியற்காலை பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. மெடிக்கல் வருகிற வாரம் பாதியும் கிடையாது, முழுசும் அவருக்கு. அந்த நூற்றி எழுபத்தாறு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"லூசாக்கா நீ? ஒருத்தர் மாத்தரைய ரெண்டு பேரு துன்னா ரெண்டு பேருக்கும்தான் வேல செய்யாது!"

"ஒரு முட்டைய ரெண்டா அறுத்து ரெண்டு பேரு துன்றதில்ல? அது மாதிரிதான்னு நெனச்சேன். ஒரே வூடு, ஒரே நோவு. அதுக்கு எதுக்கு ரெண்டு மாத்தர?"

டாக்டரம்மா அளவைக் கூட்டக் கூட்ட இவர்கள் வீட்டில் பங்கும் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எட்டு மாதமாக இவளைத் திட்டியிருக்கிறேன். கருவாட்டைக் குப்பையில் போடச் சொன்னேன், பொய் சொல்கிறாய் என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேன், புருஷனுக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எனக்கு அவள் சமாதானம் சொன்னாள்.

"அட வுடுமே. நீ திட்டசொல்ல எனக்கு சிரிப்புதான் வரும். அந்த ஊறுகா ஜாடிய எத்துகினு போன பாரு, அப்பதான் வயிறு எரிஞ்சிச்சி."

ஜாடியில் அப்போது கால்வாசிதான் மிச்சம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவர் பெயர் நோட்டில் ஏறக்கூடாது என்று என் கையில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். பெயர் ஏறாமல் மாத்திரை தர முடியாது, அளக்காமல் பெயர் ஏற்ற முடியாது, ஆளைப் பிடிக்காமல் அளக்க முடியாது. டாக்டரம்மாவிடம் பெயர் சொல்லாமல், ஒரு வீட்டில் இப்படி, என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரைக் கூட்டிட்டு வாங்கக்கா, நான் பார்க்கிறேன்."

"எப்ப மேடம்? நீங்க கீறப்ப அவரு ஷிஃப்ட்ல கீறாரு. அவரு வர்றப்ப ஆஸ்பத்திரிக்கு பூட்டு."

"உங்க ஊர் ஆம்பளைங்க எல்லாரும் ஒரே இடத்துல, வேலை இல்லாம, கொஞ்ச நேரமாவது நிக்கிற இடம்னு ஒண்ணாவது இருக்கா?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஞாயித்துக்கெழம காத்தால கறிக்கடை மேடம்."

டாக்டரம்மா முட்டைகூடச் சாப்பிடாதவர். ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். வருகிற ஞாயிறு நானே வருகிறேன் என்றார். முகாம் நடத்த ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் 'இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கன்வாடி, பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் என்று எழுதிப் பழகிய கட்டத்தில் 'ஆட்டுக்கறிக் கடை வாசல்' என்று எழுதினேன். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் எனக்குத் தெரிந்து டாக்டரம்மா ஒருவர்தான்.

கறிக்கடை பாய்க்கு முந்தின நாளே விஷயத்தைச் சொல்லி வைத்தேன். அவர் பெருந்தன்மையான மனுஷர். ஏழு மணிக்குக் கடை வாசலில் பெஞ்சு போட்டு, என் மெஷினுக்கு ஒரு ஸ்டூலும் கொடுத்து, கத்தியை உயர்த்தி அறிவித்தார்.

"பிரஷர் பாத்தவனுக்குத்தான் ஈரல்! பாக்காதவனுக்கு எலும்பு!"

அவ்வளவுதான். எட்டு மாதமாக நான் கதவு கதவாகத் தட்டியும் கிடைக்காத ஆண்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பச்சை கேட் அண்ணனும் கையில் பையோடு வந்தார். ஈரல் வாங்கி வா என்று அக்கா அனுப்பியிருந்தாள், முகாம் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. பெஞ்சைப் பார்த்ததும் நின்றார். வரிசையில் நிற்கவும் மனசில்லை, ஈரல் இல்லாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது.

நாலு பேரை அளந்திருப்பேன், வரிசை திடீரென்று கலைந்தது. பைக்கில் வந்து இறங்கியவர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். யாருக்கு ஷிஃப்ட், யாருக்கு ஓ.டி., யாரிடமிருந்து சாவி வாங்குவது எல்லாம் அவர் கையில். அவரும் எங்கள் பக்கத்துத் தெருதான், அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டுமே. சட்டைக் கைகள் எல்லாம் ஒரே நொடியில் கீழே இறங்கின. பச்சை கேட் அண்ணன் கொக்கியில் தொங்கிய ஆட்டுத் தொடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆடு இளம் ஆடு, தொடை மெலிந்த தொடை. அவர் தொப்பை இரண்டு பக்கமும் தெரிந்தது.

"இன்னாம்மா இங்க?" என்றார் சூப்பர்வைசர்.

இந்த ஆள் இரண்டு கேள்வி கேட்டால் இத்தனை பேரும் ஓடிவிடுவார்கள், அடுத்த ஞாயிறு ஒருவனும் வரமாட்டான், அக்கா மறுபடி பாக்குவெட்டியை எடுப்பாள். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

"பிரஷர் சார். குந்துங்க. ஈரல் வோணுமா வேணாமா?"

மனுஷர் என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து கையை நீட்டினார். பட்டை உப்பியது, மெஷின் முனகியது, எண் வந்தது. நூற்றி எழுபத்தெட்டுக்கு நூற்றிப் பதினாலு. அன்றைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய எண். டாக்டரம்மா அவர் பக்கத்தில் வந்து, தலைவலி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சூப்பர்வைசர் டாக்டரம்மாவின் காதருகில் ரகசியமாகச் சொன்னார்.

"மேடம், இது எங்க ஆபீசுக்கு மட்டும் தெரியக்கூடாது. என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்ருவாங்க."

ரகசியம்தான். ஆனால் அந்த நேரத்தில் பாய்கூட வெட்டுவதை நிறுத்தியிருந்தார். வரிசை முழுக்க அது கேட்டது. டாக்டரம்மா பதிலை மட்டும் ரகசியமாகச் சொல்லவில்லை.

"இந்த நோட்டு எந்தக் கம்பெனிக்கும் போகாது சார். உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான். மாத்திரை போட்டுக் கண்ட்ரோல்ல வெச்சிருந்தா வேலை செய்யலாம். மறைச்சு வெச்சுக்கிட்டு வேலை செய்யறதுதான் ஆபத்து."

ஆட்டுத் தொடை அசைந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், உங்களுக்கு அடுத்து நான்."

அந்த அண்ணனின் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை நேராகப் பார்த்தேன். பயந்த முகம். பாதி மாத்திரையோடும் நூற்றி அறுபத்தெட்டு இருந்தது. நோட்டில் அவர் பெயரை அவரே சொல்லி எழுத வைத்தார். சூப்பர்வைசர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதே நோட்டில் அவர் பெயரும் ஏறியிருந்தது. ஒன்பதரை மணிக்கு ஈரல் தீர்ந்தது. என் நோட்டில் பதினேழு ஆண்கள் ஏறியிருந்தார்கள். டாக்டரம்மா மேலே யாருக்கு என்ன எழுதினாரோ, கொஞ்ச நாளில் எனக்கு ஞாயிறு வேலை, புதன் லீவு என்று மாற்றினார்கள். ஷிஃப்டில் இருப்பவரின் மாத்திரையை வீட்டில் இருப்பவரிடம் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதம் பச்சை கேட் வீட்டில் இரண்டு கவர்களை நீட்டினேன். அக்கா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவருக்கு. இது உனுக்கு. இப்பவே ஒண்ணு போடு, நான் பாக்கணும்."

உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு அவள் கண் பாக்குவெட்டியைத் தேடியது. பிறகு என்னைப் பார்த்தது.

"முய்சா போட்டா எதனா ஆவுமா?"

"ஆவும். பிரஷர் எறங்கும்."

திருட்டுத்தனமாகத் தின்பண்டம் தின்கிற பிள்ளை மாதிரி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டக்கென்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் இந்த வீட்டில் முழுசாக ஒன்றை இவள் தனக்கென்று வாயில் போட்டது இதுதான் முதல் தடவையோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டால் மறுபடி அழ வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் போனது. நூற்றி ஐம்பது, நூற்றி நாற்பது என்று இறங்கி, ஒருநாள் நூற்றி இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு வந்தது. மெஷின் பொய் சொல்கிறதோ என்று மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். காஞ்சிபுரம் போக வேண்டாம், கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் இறங்கியிருந்தது, ஒழுங்காக மெடிக்கல் முடித்து சாவியோடுதான் இருந்தார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அக்கா ஆடவில்லை. கையை நீட்டினாள்.

"ஜாடி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்து, துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். திறந்து பார்த்தாள். மூக்கருகில் வைத்து மோந்தாள்.

"எல்லாத்தியும் நீயே துன்னுட்டியா?"

"நானும் வூட்டுக்காரரும். கெட்டுப் போச்சான்னு பாக்கசொல்ல..."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நைட் ஷிஃப்ட் ஆள் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சிரித்து முடித்தவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பட்டையைச் சுற்றினாள்.

"ஊருக்கெல்லாம் நீ பாக்கற, உனுக்கு யாரு பாக்கறது? பட்டன அமுக்கறதுதான? எத்தினி வாட்டி பாத்துகினு கீறேன்."

நூற்றி ஐம்பத்து நாலுக்குத் தொண்ணூற்றெட்டு.

"வெயில்ல நடந்து வந்தேன்க்கா, அதான்" என்றேன். "இப்பதான் டீ குடிச்சேன்." "பட்டைய நீ சரியா சுத்தல." ஒரு வருஷமாக ஊரே என்னிடம் சொன்ன சாக்கெல்லாம் ஒன்று விடாமல் என் வாயிலிருந்து வந்தன. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். நான் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவளின் ஒரு கையில் அவளுடைய மாத்திரைக் கவர், இன்னொரு கையில் பாக்குவெட்டி.

"இந்தா, பயப்படாதமே" என்றாள். "இன்னிக்கி என்னுதுல பாதி போட்டுகினு போ."

கவரை அவள் முந்தானையிலேயே முடிந்து கொடுத்துவிட்டு, பாக்குவெட்டியைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லோரையும் போல வரிசையில் நின்றேன், டாக்டரம்மா நோட்டை நீட்டினார், என் பெயரை நானே எழுதினேன். பாக்குவெட்டி எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. அதையாவது எங்களால் தின்ன முடியாது.